நாற்பதாம் நம்பர் ஓட்டம்

ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் கண்ணுக்குத் தெரிந்துவிட்ட இடம். பந்தயம் பாட்டுக்கு ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் மட்டும் ரோட்டை விட்டு இறங்கி, வரப்பு வழியாக ஒரு பம்புசெட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார். முதுகில் ஊக்கு குத்தியிருந்த நம்பர் துணி ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்கியது.

நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நிற்கிறேன். ஹேண்டில்பாரில் குளுக்கோஸ் தண்ணீர் பாட்டில் ஆடுகிறது. 'ஏங்க, ஏங்க' என்று தொண்டை கிழியக் கத்துகிறேன். ஓடிக்கொண்டிருந்த வேறு இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். இவர் திரும்பவில்லை.

இந்தத் தொடரில் இத்தனை வாரமாக 'என் வீட்டுக்காரர்', 'அவர்' என்றே எழுதி வருகிறேன். அந்த மனுசனுக்குப் பெயரே கிடையாதா என்று போன வாரம் ஒரு வாசகி போனில் கேட்டுவிட்டார். இருக்கிறது, தாயே. அந்தப் பெயர் என் வாயில் முதன்முதலாக வந்த கதைதான் இது. எண்பதுகளின் நடுவில் நடந்தது. எந்த வருஷம் என்று கேட்காதீர்கள். எங்கள் மூத்த மகள் அப்போது சுவரைப் பிடித்து நடை பழகிக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான்.

தூக்குவாளிச் சத்தம்

அப்போது அவர் ராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் பதிலி. நிரந்தரத் தொழிலாளி யாராவது வேலைக்கு வராவிட்டால் அந்த இடத்தில் நிற்கிறவருக்குப் பதிலி என்று பெயர். சங்கு ஊதுவதற்கு முன்பே போய் மில் கேட்டில் நிற்பார். உள்ளே ஆள் குறைந்தால் கூப்பிடுவார்கள். குறையாவிட்டால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

கையில் தூக்குவாளியில் மதியச் சோறு இருக்கும். வேலை கிடைத்த அன்று காலி வாளி கடகடவென்று ஆடிக்கொண்டு வரும். தெருமுனையில் அவர் திரும்பும்போதே எனக்குக் கேட்டுவிடும். வேலை இல்லாத அன்று சத்தமே வராது. சோறு நிறைந்த வாளி ஊமை.

நான் அடுப்படியில் இருந்தாலும் காது தெருவில்தான் இருக்கும். சத்தம் இல்லாமல் அவர் வாசலில் வந்து நின்றால், ஒன்றும் கேட்காமல் இரண்டு தட்டு எடுத்து வைப்பேன். காலையில் கட்டிக் கொடுத்த சோற்றையே ரெண்டு பேரும் பிசைந்து சாப்பிடுவோம். புளிக்குழம்பு ஆறிப்போய் மேலே எண்ணெய் படர்ந்திருக்கும். அந்த ருசி இன்னும் என் நாக்கில் இருக்கிறது. நன்றாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் மில் மேஸ்திரி வீட்டுக்கு வந்து ஒரு சேதி சொன்னார். ஊரில் உள்ள நாலைந்து மில்கள் சேர்ந்து தொழிலாளிகளுக்கு ஓட்டப்பந்தயம் வைக்கின்றன. பஞ்சு மார்க்கெட்டில் ஆரம்பித்து ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியில் முடியும். முதல் பத்துப் பேருக்குள் வருகிறவனை அவனவன் மில் தன்னுடைய விளையாட்டு டீமில் எடுத்துக்கொள்ளும். டீமில் எடுத்தால் வேலை பெர்மனென்ட்.

"ஏலே, நீதான் கேட்டுக்கும் வீட்டுக்கும் ஓடிக்கிட்டே கெடக்கியே. இன்னும் செத்த தூரம் சேத்து ஓடிருலே" என்று சொல்லிவிட்டு மேஸ்திரி காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

பத்துப் பதினோரு கிலோமீட்டர் ஒரு தூரமா என்று இன்றைக்குப் பூங்காவில் ஓடுகிற பிள்ளைகள் கேட்பார்கள். ஷூ போட்டே பழகாத காலுக்கு அது தூரம்தான். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பேண்டேஜ் துணி மடிக்கிற வேலை நடக்கும். குதிகால் வெடிப்புக்குச் சுற்றிக்கொள்ள அந்தத் துணிக்கு மட்டும் பஞ்சமே இல்லை.

"நீ வாரியாட்டி?"

ஓடுகிறவருக்குத் தண்ணீர் கொடுத்து, வேகம் பார்த்துச் சொல்ல, ஆளுக்கு ஒருவர் சைக்கிளில் கூட வரலாம் என்பது பந்தய ஏற்பாடு. எல்லாரும் தம்பியையோ கூட்டாளியையோ ஏற்பாடு செய்துகொண்டார்கள். இவரும் கூட்டாளி ஒருத்தனை ஒத்திகைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அந்தப் பாவி 'விடாத மாப்ள, விடாத' என்று விரட்டிய விரட்டில் இவர் பாதி வழியில் வாந்தி எடுத்து, ரெண்டு பேரும் டவுன் பஸ்ஸில் திரும்பி வந்தார்கள்.

அன்று ராத்திரி என்னிடம் "நீ வாரியாட்டி?" என்று கேட்டார். விளையாட்டுக்குத்தான் கேட்டார். எனக்கு ரோஷம். வாரேன் என்றேன்.

சைக்கிள் எனக்குத் தெரியும். அண்ணன் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுப் பழகி, முழங்காலைப் பெயர்த்துக்கொண்டு அம்மாவிடம் அடி வாங்கியவள் நான். ஆனால் கல்யாணமாகி, சேலை கட்டி, கைப்பிள்ளைக்காரி ஒருத்தி நடுரோட்டில் புருசன் பின்னால் சைக்கிள் மிதிப்பது அன்றைக்குச் சாதாரணக் காரியமா? சைக்கிளும் எங்களிடம் ஆம்பளைச் சைக்கிள்தான்.

பக்கத்து வீட்டு அக்கா தெலுங்கு பேசுகிறவர். தயங்கித் தயங்கி அவரிடம் போய் நின்றேன். அவருடைய மகள் காலேஜுக்குப் போக வாங்கிய லேடீஸ் சைக்கிளைத் தானே உருட்டிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். யாராவது ஏதாவது சொல்லுவாங்களோ அக்கா என்று கேட்டேன். "பரவாலேதும்மா. சொல்றவங்களா ஒனக்குச் சோறு போடறாங்க? பாப்பாவை நான் பாத்துக்கறேன், நீ போ" என்றார்.

அந்த அக்கா இன்று இல்லை. நாலு காசு கொடுத்து உதவுகிறவர்கள் ஊரில் உண்டு. ஆனால் 'நீ போ' என்று சொல்லிக் குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொள்கிறவர் எத்தனை பேர்? அவரை நினைக்காமல் நான் ஒரு தீபாவளிக்கும் விளக்கு ஏற்றியதில்லை.

நம்பர் பாஷை

ஒத்திகையின் முதல் நாளே ஒரு சிக்கல் வந்தது. 'மெதுவாப் போங்க', 'இப்ப வேகமாப் போங்க' என்று நான் சொல்லச் சொல்ல, டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பொண்டாட்டி மிரட்டி ஓட வைக்கிறாள் பார் என்று ஒருவன் காதில் விழும்படியே சொன்னான். இவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. வாயை மூடிக்கொண்டு வா என்றார். வாயை மூடிக்கொண்டு வருவதற்கு நான் எதற்கு, தண்ணீர்ப் பாட்டிலை மட்டும் சைக்கிளில் கட்டி விடலாமே என்று நானும் எகிறினேன்.

அப்புறம் ரெண்டு பேரும் ஆறி உட்கார்ந்து யோசித்ததில் பிறந்ததுதான் எங்கள் நம்பர் பாஷை.

கல்யாணத்துக்கு முன்னால் நானும் மில்லில் ரீலிங் பிரிவில் நூல் சுற்றியவள்தான். நூலுக்கு நம்பர் உண்டு. நம்பர் ஏற ஏற நூல் மெலிசு. நூறாம் நம்பர் நூல் தலைமுடி மாதிரி இருக்கும். அவசரப்பட்டு இழுத்தால் பட்டென்று அறுந்துவிடும் என்பதால் மிஷினை நிதானமாகத்தான் ஓட்டுவார்கள். நாற்பதாம் நம்பர் கனம். அதில் மிஷின் பறக்கும்.

அதனால் நான் 'நூறு' என்றால் நிதானம். 'அறுபது' என்றால் நடுத்தரம். 'நாப்பது' என்றால் வெளுத்து வாங்க வேண்டியது. நடுரோட்டில் நின்று கத்தினாலும், நூல் வியாபாரம் பேசுகிறாள் என்றுதான் கேட்கிறவர்கள் நினைப்பார்கள். எங்கள் மூளையை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

ஒத்திகையில் இன்னொன்றும் கண்டுபிடித்தோம். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் வயல்காட்டுக்கு மேலே திடீரென்று தெரியும். ஊர் வந்துவிட்டது என்று நினைத்துக் கால் தன்னால் வேகம் எடுக்கும். ஆனால் கோபுரம் வராது. ஓட ஓட அதே இடத்தில் நிற்கும். அதைப் பார்த்து ஏமாந்து ஓடுகிறவன் தேரடிக்கு முன்னாலேயே படுத்துவிடுவான். கோபுரம் தெரிந்தாலும் நான் சொல்கிறவரை நூறு தான், அறுபது தான் என்று அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தேன்.

சொல்லக் கூடாத நிறம்

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். புருசன் பெயரைப் பொண்டாட்டி சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று எங்கள் பக்கம் சொல்லி வளர்த்திருந்தார்கள். பெயரை மட்டுமல்ல, அந்தப் பெயரில் வருகிற சொல்லையும் சொல்லக் கூடாது. என் கெட்ட நேரம், அவர் பெயரில் ஒரு நிறம் இருந்தது.

மில்லும் பேண்டேஜும் நிறைந்த ஊரில், எங்கே திரும்பினாலும் அந்த நிறம்தான். ஜவுளிக்கடையில் 'பால் கலர்ல ரவிக்கைத் துணி குடுங்க' என்பேன். மளிகைக் கடையில் பூண்டை வெறும் பூண்டு என்றுதான் கேட்பேன். அந்த நிறத்துக் காளை ஒன்று எங்கள் தெருவில் முட்டுகிற மாடு. 'அந்தப் பால் காளை வருது, ஓடு' என்று நான் கத்தப் போய், பக்கத்து வீட்டு அக்கா அது என்ன புதுசா ஒரு காளை என்று தேடிக்கொண்டு நின்றார். நல்லவேளை, முட்டவில்லை.

அவரை நான் கூப்பிடுவது 'ஏங்க'. பந்தயத்தன்று காலை பஞ்சு மார்க்கெட்டில் நூற்றுக்கணக்கான ஆம்பளைகள் பனியனும் டவுசருமாக நிற்க, பாட்டிலைக் கொடுப்பதற்காக 'ஏங்க' என்று கூப்பிட்டேன். ஒரு கூட்டமே திரும்பியது. எல்லாரும் யாருக்கோ 'ஏங்க' தானே! சிரித்த சிரிப்பில் எனக்கு மானம் போயிற்று. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இடது பக்கம் மலை

விசில் ஊதியதும் எல்லாரும் தலைதெறிக்கப் பறந்தார்கள். நான் 'நூறு' என்றேன். இவர் நூறில் போனார். பின்னால் இருந்தவர்கள் எல்லாம் தாண்டினார்கள். மில்காரர்களுக்கு நூல் நம்பர் தெரியாதா? ரோட்டோரம் நின்ற ஒருவர் 'என்னம்மா, நூறாம் நம்பரா? தேரடிக்கு ஆடித் தேரோட்டத்துக்குத்தான் போய்ச் சேருவீங்க' என்றார். நான் காதில் வாங்கவில்லை.

இடது கைப்பக்கம் மலை கூடவே வந்தது. வெயில் இன்னும் ஏறவில்லை. அவர் மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டு மிதித்தேன். பக்கத்தில் படுத்துப் பழகிய மூச்சு. எது நல்ல மூச்சு, எது கெட்ட மூச்சு என்று எனக்குத் தெரியும். அந்தக் கூட்டாளிக்கு எப்படித் தெரியும்? மூச்சு சீரானதும் 'அறுபது' என்றேன். முன்னால் பறந்தவர்களை ஒவ்வொருவராக எட்டிப் பிடித்தோம். சிலர் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தார்கள். சிலர் புளியமரத்தடியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கோபுரம் தெரிந்தது. எல்லாருக்கும் கால் பரபரத்தது. 'அறுபது தான், அறுபது தான்' என்று அவரை அடக்கினேன். ஒரு டீக்கடையில் ஆள் எண்ணிக்கொண்டிருந்தவரைக் கேட்டேன். உங்க ஆளு பதினொண்ணாவது என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. முன்னால் போகிறவன் வன்னியம்பட்டிக்காரன், கால் தள்ளாடுகிறது, நன்றாகத் தெரிகிறது. அவனைப் பிடித்தால் போதும். சைக்கிளை வேகமாக மிதித்து அவர் பக்கத்தில் போய், இருக்கிற சத்தத்தை எல்லாம் கூட்டிக் கத்தினேன்.

"நாப்பது! நாப்பது!"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கண் எங்கேயோ இருந்தது. வேகம் குறைந்தது. பிறகு நடை. பிறகு ரோட்டை விட்டு இறங்கி, தண்ணீர் கொட்டுகிற பம்புசெட்டைப் பார்த்துப் போய்விட்டார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அறுபதில் ஓடின மனுசன் நாற்பது என்றதும் ஏன் நிற்கிறார்? வரப்பில் சைக்கிள் போகாது. 'ஏங்க' என்று கத்தினேன். மோட்டார்ச் சத்தத்தில் அது போய்ச் சேரவில்லை. சேர்ந்திருந்தாலும் அது யாருக்கோ வந்த 'ஏங்க' தானே. ரெண்டு பேர் எங்களைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

அந்த நேரத்தில் எனக்கு நினைவு வந்தது தூக்குவாளிதான். சத்தமில்லாமல் வாசலில் வந்து நிற்கிற அந்த முகம். ஆயுசு முழுக்க இதையேவா பார்க்கப் போகிறேன்? பெருமாளே, நீதான் பொறுப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன்.

"வெள்ளைச்சாமீ!"

நின்றுவிட்டார். வகுப்பில் வாத்தியார் பேர் கூப்பிட்டதும் எழுந்து நிற்கிற பிள்ளை மாதிரி, விறைத்துப் போய் நின்றார். மெல்லத் திரும்பினார். நான் இன்னொரு தடவை கத்தினேன். வரப்பு வழியாகத் திரும்பி வந்தார்.

"நாப்பதாவது ஆளா ஓடி என்னத்தட்டி கிழிக்கப் போறேன்?" என்றார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. களைப்பில் எங்கள் பாஷை அவருக்கு மறந்துபோயிருக்கிறது. நாற்பதாவது இடத்தில் வருவதாக நான் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். சிரிப்பதா அழுவதா?

"அது நூலு நம்பருங்க, ஆளு நம்பரு இல்ல! பதினொண்ணாவதா வந்துக்கிட்டிருந்த ஆளு நீங்க. ஓடுங்க!"

ஊரே சொன்ன பெயர்

ரோட்டோரம் புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் அரிவாளோடு நிமிர்ந்து வாயில் கை வைத்தார். "அடியாத்தி, புருசன் பேரையா சொல்லுத?"

"ஆமா, நீங்களும் சொல்லுங்க" என்றேன். எனக்கு இருந்த வெறியில் வேறு எதுவும் வரவில்லை.

அந்த அம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என் வீட்டுக்காரர் ஓடுகிற திசையைப் பார்த்து, "ஏலே வெள்ளைச்சாமி, ஓடுலே!" என்று போட்டார் ஒரு சத்தம். என் சத்தமெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

அதற்குப் பிறகு நம்பரும் இல்லை, பாஷையும் இல்லை. பெயரைச் சொல்லிக்கொண்டே மிதித்தேன். ஊருக்குள் நுழைந்ததும் பால்கோவாவுக்குப் பால் சுண்டுகிற வாடை வந்தது. கடைவாசலில் நின்றவர்கள் என் சத்தத்தைக் கேட்டு அவர்களும் கூப்பிட்டார்கள். முன்பின் தெரியாத ஊர்க்காரர்கள் வெள்ளைச்சாமி, வெள்ளைச்சாமி என்று கை தட்டினார்கள். வன்னியம்பட்டிக்காரனைத் தாண்டினார். பிறகு இன்னும் சிலரை. தேரடியில் எட்டாவது ஆளாக வந்து, தேர்ச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். ஜெயிச்சதுக்கா அழுத என்றார். இல்லை, உங்க பேரைச் சொல்லிட்டேன், ஆயுசு குறைஞ்சிருமே என்றேன்.

"கொறஞ்சா கொறையட்டும்டி. இருக்குத வரைக்கும் பெர்மனென்ட்ல" என்றார்.

அடுத்த சனிக்கிழமையே திருவண்ணாமலைக்குப் படியேறினேன். நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர்த் திருவண்ணாமலைதான். நான் சொன்னதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே என்று பெருமாளிடம் மன்றாடினேன். பெருமாளும் எடுத்துக்கொள்ளவில்லை. என் வீட்டுக்காரருக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது.

மில்லில் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். அன்றையிலிருந்து அவருடைய தூக்குவாளி ஒரு நாளும் ஊமையாக வீட்டுக்கு வந்ததில்லை. அந்தக் கடகடச் சத்தத்தைக் கேட்டு நான் பட்ட சந்தோஷத்தை எந்தச் சங்கீதத்தைக் கேட்டும் பட்டதில்லை.

இதைச் சொல்லாமல் முடிக்க முடியாது. அன்று திரும்பும்போது, பஸ்ஸின் மேலே சைக்கிள், கீழே ஜன்னலோரம் நாங்கள். வெளியே பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்: "எங்கம்மான்னு நெனச்சேன்."

அவர் ஆறாவது படிக்கும்போதே அம்மா போய்விட்டார். முழுப் பெயரையும் இழுத்துக் கூப்பிட்டது அந்த அம்மா ஒருவர்தான். அதற்குப் பிறகு அப்பாவுக்கு அவர் 'ஏலே', மில்லுக்குப் 'பதிலி', எனக்கு 'ஏங்க'. பம்புசெட்டுக்கிட்டே அம்மா சத்தம் கேட்டது மாதிரி இருந்தது, அதனால்தான் திரும்பினேன் என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். டவுன் பஸ்ஸில், அத்தனை பேர் முன்னால். பேரையே சொல்லியாயிற்று, கையைப் பிடித்தால் என்ன?

கேட்கிற காது

தொண்ணூறுகள் முழுக்க ரிங் பிரேம் மிஷின்களின் இரைச்சலில் நின்றதில் அவர் காது மந்தமாகிவிட்டது. இப்போதெல்லாம் 'ஏங்க' என்று எத்தனை தடவை கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். அதனால் பெயர் சொல்லியே கூப்பிடுகிறேன். மருமகள் சிரிக்கிறாள். வெள்ளைப்பூண்டையும் இப்போது வாய் நிறையச் சொல்லித்தான் வாங்குகிறேன்.

எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் ரொம்ப நாளாக இருந்தது. போன வாரம் சோதித்துப் பார்த்தேன். அவர் வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அடுப்படியில் இருந்து, தெருவே கேட்கிற மாதிரி 'ஏங்க' என்றேன். பேப்பர் அசையவில்லை. இன்னொரு தடவை. அசையவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, பூண்டு உரித்தபடியே, எனக்கே கேட்காத குரலில் 'வெள்ளைச்சாமி' என்றேன்.

"இந்தா வாரேன்" என்றார்.